ஏணி சாரின் கேள்வி

என் அக்கா வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கிற பல்கலைக்கழகத்தில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஏணி சார் என்றால்தான் தெரியும். ஆள் உயரம், அதனால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். உயரம்தான். தலை குனியாமல் அவர் எந்த வாசலிலும் நுழைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் பெயர் வந்த விதம் வேறு. எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டுத் தான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறவர் என்று எவனோ வாய்க்கொழுப்புப் பிடித்தவன் வைத்தது. அது அத்தான் காதுக்கும் போனது. அவர் கோபப்படவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது என்பேன் நான்.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். படித்தவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவரை எனக்குப் பிழைப்புக்குப் பஞ்சமில்லை. அதனால் உள்ளே நடக்கிற கூத்தெல்லாம் எனக்கு அத்துப்படி.

அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தவுடன் வேலை நிரந்தரம் ஆகிவிடாது. ஆறாவது வருடம் ஒரு கோப்புக் கொடுக்க வேண்டும். எழுதிய கட்டுரைகள், நடத்திய பாடங்கள், மாணவர்கள் போட்ட மதிப்பெண், வெளியிடத்துப் பேராசிரியர்களின் கருத்து எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் ஒரு நேர்முகம். மூத்த பேராசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். ஆளை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுவார்கள், கையைத் தூக்கி முடிவு செய்வார்கள். சரி என்றால் ஓய்வு பெறும்வரை யாரும் அசைக்க முடியாது. இல்லை என்றால் அடுத்த வருடம் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்தக் கண்டத்தை ஆட்கள் தாண்டுவதற்கு வழி சொல்வது அத்தானின் வேலை. வேதியியல் பாடம் நடத்துவதோடு ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பும் அவர் தலையில் இருந்தது. குழு கூடும்போது குறிப்பெடுக்கவும், வந்திருக்கும் தாள்களை எல்லாருக்கும் வாசித்துக் காட்டவும் அவரும் உள்ளே இருப்பார். வாக்கு மட்டும் கிடையாது.

அவர் மட்டும் முழுப் பேராசிரியர் ஆகவில்லை. கேட்டால், "எனக்கு எங்க மச்சான் நேரம்?" என்பார். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளருமாம். இவர் பிள்ளை இன்னும் தவழவே ஆரம்பிக்கலை" என்று அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். அத்தான் சிரித்துக்கொள்வார்.

நேர்முகத்துக்கு முன்னால் அத்தான் ஒத்திகை வைப்பார். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. முதல் நாள் கேள்வி மட்டும்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோங்க. அதோட சாப்பிடுங்க, அதோட தூங்குங்க. அடுத்த வாரம் பதிலோட வாங்க." உடனே வருகிற பதில் பயத்தில் வருவது, ஊறி வருவதுதான் பதில் என்பது அவர் கட்சி. கேள்விகளும் லேசுப்பட்டவை அல்ல. குழுவில் எவனும் இதைவிடக் கொடுமையாகக் கேட்க முடியாது என்கிற மாதிரி, எலும்பு வரைக்கும் போகும். கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று என் கடைக்கு வந்த விரிவுரையாளர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடியில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. நேராக ஒத்திகையிலிருந்து வந்திருப்பார்கள்.

அந்த வருடம் கோப்புக் கொடுத்தவர்களில் ஒருவர் பாசி மேடம். குளத்துப் பாசியை ஆராய்ச்சி செய்கிறவர், அதனால் அந்தப் பெயர். கணவருக்கு வேறு ஊரில் வேலை. வாரக் கடைசியில் வந்து போவார். இந்த வேலை நிரந்தரமானால் அவர் அங்கே விட்டுவிட்டு வந்துவிடுவதாகப் பேச்சு. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த மகளுக்குக்கூட அது தெரியும். "அம்மா பாஸானா அப்பா வந்துருவாங்க" என்று என் கடையில் நின்றுகொண்டே சொன்னது அந்தக் குழந்தை. மேடம் சங்கடத்தோடு சிரித்தார்.

அந்த வருடம் குழுவுக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். இயற்பியல் பேராசிரியர், மீசைக்காரர். கேன்டீனில் அத்தானைப் பார்த்து, "உங்க ஒத்திகையைப் பத்தி ஊரே பேசுது சார். ஒரு நாள் பார்க்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று ஒரு வார்த்தை விட்டார். குழுவில் இருக்கிறவர் ஒத்திகைப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்பது எழுதிவைத்த விதி. அதை எழுதியவர்களில் அத்தானும் ஒருவர். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் மனிதர் மெழுகாகிவிட்டார். ஒத்திகை அறைக்குப் பக்கத்தில் பழைய விடைத்தாள்கள் போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. மீசைக்காரரை அதில் உட்காரவைத்துக் கதவை ஒருக்களித்து வைத்தார். ஆளைப் பார்த்தால் மேடம் பயந்துவிடுவாராம், அதனால் மறைவாம். யாருக்கு எதை மறைத்தார் என்பது அப்போது அவருக்கே தெரிந்திருக்காது.

பக்கத்து அறையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றதும் அத்தானுக்கு அன்றைக்கு வேகம் கூடிவிட்டது. மேடத்துக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரைகள் எல்லாம் அவருடைய ஆசிரியரோடு சேர்ந்து எழுதியவை. அத்தான் அந்தக் கட்டுரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்க ஆசிரியர் பேரை இதுலேருந்து எடுத்துட்டா, உங்களோடதுன்னு என்னம்மா மிஞ்சும்?"

மேடம் வாயைத் திறந்தார். அத்தான் கையைக் காட்டினார். மேடம் முகம் வெளிறிப்போய் எழுந்து போனதும், மீசைக்காரர் வெளியே வந்து அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்னா கேள்வி சார்! ஒரே கேள்வியில ஆளை அளந்துட்டீங்களே!" அத்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளைக் களைதான். நானும் சேர்ந்து பெருமைப்பட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

அடுத்த வாரம் மேடம் பதிலோடு வந்தார். அந்த ஒத்திகைக்கு மீசைக்காரர் வரவில்லை. ஒரு தடவை பார்த்தது அவருக்குப் போதும்.

"என் ஆசிரியர் எந்தக் குளத்துல எந்தப் பாசி இருக்குன்னு தேடினார். இருக்கிறதை எண்ணினார். நான் அது ஏன் செத்துப்போகுதுன்னு தேடினேன். பாதிக் குளத்துக்குக் கறுப்புத் துணி போட்டு மூடி, வெளிச்சம் பட்ட பாதியையும் படாத பாதியையும் வெச்சுப் பார்த்தது நான். வேண்டாம், நேரம் வீண்னு சொன்னது அவர். அவர் பேரை எடுத்துட்டா எண்ணிக்கை போயிடும் சார். காரணம் அப்படியே இருக்கும்."

அத்தான், "இதை அங்க இப்படியே சொல்லுங்க, ஒரு எழுத்து மாத்தாதீங்க" என்றாராம். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை என்று அக்காவிடமும் சொன்னார்.

நேர்முகம் முடிந்து வெளியே வந்த மேடம், சந்தோஷத்தில் அங்கிருந்தே கணவருக்குப் போன் போட்டார். அத்தான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது ஓடிவந்து சொன்னார்: "சார், அந்தக் கேள்வியை யாருமே கேக்கலை!" அத்தானும் சிரித்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

குழுவில் எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். "ஒரு சந்தேகம். நேர்ல கேட்டா பாவம், அந்தம்மா உடைஞ்சு போயிடும்னுதான் கேக்கலை. ஆசிரியர் பேரை எடுத்துட்டா இவங்களோடதுன்னு என்ன மிஞ்சும்? இது எனக்கு மட்டும் தோணுனது இல்லீங்க. இவங்களுக்கு வழிகாட்டுனவருக்கே இந்தச் சந்தேகம் இருக்கு." சொல்லிவிட்டு அத்தானைப் பார்த்து, கேள்வியின் பெருமையில் உரிய பங்கைக் கொடுத்துவிட்டவர் போலத் தலையை ஆட்டினார்.

மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் அத்தான் பக்கம் திரும்பினார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவரிடம் ஒத்திகை பார்த்து மேலே வந்தவர்கள். தலைவர் கேட்டார், "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

கறுப்புத் துணியைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அது அவருக்கு நுனிநாக்கில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், ஒத்திகையில் கேட்டது மீசைக்காரருக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். விடைத்தாள் அறை வரும், ஒருக்களித்த கதவு வரும்.

"நான் வழிகாட்டினவங்களைப் பத்தி நான் பேசறது முறை இல்லைங்க" என்றார் அத்தான்.

பார்க்கப்போனால் எவ்வளவு கண்ணியமான பேச்சு! அதுதான் கழுத்தை அறுத்தது. ஏணி சாரே வாயைத் திறக்கவில்லை என்றால் விஷயம் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். கைகள் பாதிகூட எழவில்லை. அதைக் குறிப்பில் எழுதியதும் அத்தான்தான்.

முடிவைச் சம்பந்தப்பட்டவரிடம் ஒருங்கிணைப்பாளர் நேரில் சொல்ல வேண்டும் என்பது அங்கத்திய வழக்கம். அத்தான் சொன்னார். மேடம் சத்தம் போடாமல் அழுதார். எதனால் என்று கேட்டதற்கு, குழுவில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்றார் அத்தான். அது உண்மைதான், வசதியான உண்மை. இரண்டு நாள் கழித்து மேடமே மறுபடி வந்தார், மேல்முறையீடு செய்ய உதவி கேட்டு.

"நடைமுறையில ஏதாவது தப்பு நடந்திருந்தாத்தான் மறுபடி எடுப்பாங்களாமே சார். அப்படி ஏதாவது இருக்கா? உங்களுக்குத்தானே தெரியும்."

நடந்த தப்பு மேடத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அத்தான் என்ன செய்தார் தெரியுமா? மேல்முறையீட்டில் பெயர்தான் கெடும், வேறு இடம் பார்ப்பதே நல்லது, நான் நல்லபடியாகச் சிபாரிசு எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தார். அந்தப் பெண் அதற்கு எழுந்து நின்று கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போயிற்று. இதைச் சொல்லும்போது எனக்கே கூசுகிறது. அவர் என் அத்தான், என் சட்டையைவிட அவர் சட்டையில் அழுக்குப் பட்டால் எனக்கு அதிகம் உறுத்தும்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. மகளுக்குக் கண்ணாடி மாற்ற மேடம் கடைக்கு வந்தபோது விசாரித்தேன். வேறு ஊரில் வேலை தேடுவதாகச் சொன்னார். "சார் மட்டும் இல்லைன்னா இந்த நேரத்துல நான் என்ன ஆகியிருப்பேனோ. தங்கமான மனுஷர்." அந்த வார ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது, அத்தானுக்குச் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று இதை அப்படியே எடுத்துவிட்டேன்.

அத்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "போதும் மச்சான்" என்றார். அப்புறம் தட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். விடைத்தாள் அறை, மீசைக்காரர், கறுப்புத் துணி, கண்ணியமான பேச்சு, சிபாரிசு.

"அந்தப் பொண்ணு உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கா" என்றாள் அக்கா. "நீங்களும் வாங்கிக்கிட்டு வந்திருக்கீங்க."

"மேசையில இருக்கிற பாதிப் பேர் நான் ஏத்திவிட்டவங்கம்மா. அவங்க முன்னாடி எப்படிச் சொல்லுவேன்? ஒரு பாராட்டுக்கு ஆசைப்பட்டு ஆளைக் கதவுக்குப் பின்னாடி உட்கார வெச்சேன்னு?"

"அவ வாழ்க்கையைவிட உங்க ஏணிப் பட்டம் பெருசாப் போச்சா?"

"வெட்கமா இருக்கு. என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"எனக்கென்ன தெரியும்? ஊருக்கெல்லாம் வழி சொல்றவர் நீங்கதானே" என்று சொல்லிவிட்டு அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்திருக்கிறேன். கணவரைப் பார்த்து முகத்தைத் திருப்பி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேல்முறையீட்டுக்கு இன்னும் அவகாசம் இருந்தது. மறுநாள் அத்தான் ஒரு வாக்குமூலத்தை டைப் அடித்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். தனியாகப் போகக் கால் வரவில்லை, கூட வா என்றார். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

மேடத்தின் ஆய்வுக்கூடத்தில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பச்சை. சில ஜாடிகளை ஏற்கெனவே அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அத்தான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். சுற்றிவளைக்கவில்லை, அதை மட்டும் அவருக்காகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் தாளை நீட்டினார்.

மேடம் அதை முழுக்கப் படித்தார். கத்துவார் என்று நான் நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டீங்களே சார், பயிற்சிக்காகத்தான் கேட்டீங்களா? இல்ல, நெசமாவே உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?"

"கேட்கும்போது இருந்துச்சும்மா."

"நான் பதில் சொன்னதுக்கப்புறம்?"

"இல்லை. துளிகூட இல்லை."

"அப்போ கூட்டத்துல உட்கார்ந்திருக்கும்போதும் இல்லை."

"இல்லை."

மேடம் தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்து ஒரு வரியில் விரலை வைத்தார். 'அச்சமயத்தில் விளக்கம் அளிக்க எனக்குத் தோன்றவில்லை' என்று எழுதியிருந்தது.

"இது இல்லையே சார்" என்றார். "தோணாம இல்லையே."

அத்தான் பேனாவை எடுத்தார். ஆய்வுக்கூட மேசையில் குனிந்து அந்த வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினார்: 'பதில் எனக்குத் தெரியும். தெரிந்தும், எனக்கு அவமானம் வரும் என்று அஞ்சிப் பேசாமல் இருந்தேன்.' கையெழுத்துப் போட்டார். மேடம் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. கட்டிவைத்த பெட்டியைப் பிரிக்கவும் இல்லை. நாங்கள் வெளியே வரும்போது அத்தான் வாசலில் குனிய மறந்து நெற்றியை இடித்துக்கொண்டார்.

பாசி மேடத்துக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டு மீதியைக் கேட்க மாட்டீர்கள். மீசைக்காரரை விலக்கிவிட்டு அதே குழு மறுபடி கூடியது. ஒத்திகையில் சொன்ன பதிலை மேடம் இந்த முறை அவர்களிடமே நேராகச் சொன்னார். எல்லாக் கையும் எழுந்தது. கணவர் வந்து சேர்ந்துவிட்டார் என்று கேள்வி. கேள்விதான். மேடம் இப்போது என் கடைக்கு வருவதில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் போகிறார்.

மீதி இதுதான். அன்றைய கூட்டத்தில், கை தூக்குவதற்கு முன்னால், அத்தானின் வாக்குமூலத்தை வாசிக்க வேண்டியிருந்தது. வந்த தாள்களை வாசிப்பது ஒருங்கிணைப்பாளரின் வேலை. அதுவரைக்கும் அத்தான்தான் ஒருங்கிணைப்பாளர். பொறுப்பை விடுவதாக அவர் எழுதிக் கொடுத்தது அதற்கு அப்புறம்தான். தலைவர் நல்ல மனிதர். "வேற யாராவது படிக்கட்டுமே" என்றாராம். "இல்லைங்க, என் வேலை" என்று அத்தான் எழுந்து நின்றார்.

தான் ஏற்றிவிட்டவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, முதல் வரியிலிருந்து வாசித்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிப் பகுதியில், 'இங்கே பேனாவால் திருத்தியிருக்கிறது' என்று சொன்னதோடு குரல் உள்ளே போய்விட்டது. எப்படியோ முடித்துவிட்டு உட்காரப் போனார்.

தலைவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"மன்னிக்கணும் சார், கடைசியில பேனாவால திருத்தியிருக்கிற இடம் கேக்கலை. கொஞ்சம் சத்தமா இன்னொரு தரம் படிங்க."

அத்தான் மறுபடி எழுந்து, சத்தமாகப் படித்தார்.